'பேப்பர் பிளேன்ஸ்' யார் கூற்று?

போன செமெஸ்டரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. பேராதனையில் எங்கட ஹொஸ்டல் அறை. நாலு கட்டில், இரண்டு மேசை, ஒரே ஒரு புளூடூத் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் யாழ்ப்பாணத்துத் தோழியுடையது. அதனால் பாட்டுத் தெரிவும் அவளுடையதுதான். அன்றைக்கு அவள் போட்டது எம்.ஐ.ஏ.யின் 'பேப்பர் பிளேன்ஸ்'. கோரஸில் துப்பாக்கிச் சத்தம் வருகிற இடத்தில் நான் வழமை போல மேசையில் தாளம் தட்டினேன். புத்தளத்துத் தோழி கட்டிலில் இருந்து எழும்பி வந்து ஸ்பீக்கரை ஓஃப் பண்ணினாள்.

"ஏன் நிப்பாட்டினீர்?"

"இவங்கட புலிப் படமெல்லாம் எனக்குப் பிடிக்கல்ல."

"இந்தப் பாட்டில புலி எங்க இருக்கு? இது விசா பிரச்சினையைப் பற்றின பாட்டு."

"சரி. இவங்கட ஏதாவது ஒரு பாட்டில எங்கட வீடு இருக்கா? சொல்லுங்க பார்ப்பம்."

அவள் சொன்ன வீடு புத்தளத்தில் இப்போது இருக்கிற வீடு இல்லை. 1990 ஒக்டோபரில் அவளுடைய குடும்பம் விட்டுவிட்டு வந்த யாழ்ப்பாணம் சோனகத் தெரு வீடு. அவள் பிறந்ததே அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து. இருந்தாலும் "எங்கட வீடு" என்றுதான் எப்போதும் சொல்வாள்.

அறையில் யாரும் பேசவில்லை. மடவளைக்காரியான நான் இரண்டு பேருக்கும் நடுவில். ஒருத்தி என் மதம், மற்றவள் என் பாட்டு ரசனை. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம்

மாதங்கி அருட்பிரகாசம். வீட்டில் மாயா. 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். தகப்பன் 'அருளர்' என்ற பெயரில் ஈரோஸ் இயக்கத்தில் இருந்தவர். நிறையப் பேர் அதைப் புலிகள் இயக்கம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். இரண்டும் வேறு வேறு. 1986இல் தாய் கலா பிள்ளைகளோடு அகதியாக லண்டன் திரும்பினார். தெற்கு லண்டனில் அரசாங்க வீட்டுத் தொகுதி ஒன்றில் வளர்ந்து, சென்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்து, முதலில் ஓவியம், பிறகு பாட்டு.

2005இல் வந்த முதல் அல்பத்துக்குத் தகப்பனின் பெயர், 'அருளர்'. 2007இல் வந்த இரண்டாவதுக்குத் தாயின் பெயர், 'கலா'. அந்த இரண்டாவது அல்பத்தில்தான் 'பேப்பர் பிளேன்ஸ்' இருக்கிறது. 2008இல் அது அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 4ஆம் இடம் வரைக்கும் போனது. 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து செய்த பாட்டு ஒஸ்காருக்குப் பரிந்துரையானது. 2009 கிராமி மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று பாடினார். 2012இல் சுப்பர் போல் மேடையில் மடோனாவுக்குப் பக்கத்தில் நின்று கெமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். அந்த ஒரு விரலுக்கு அமெரிக்கக் கால்பந்து லீக் கேட்ட தொகை 16.6 மில்லியன் டொலர். 2014இல் இரண்டு தரப்பும் சமரசத்துக்கு வந்தார்கள்.

ஆக, சீண்டுவது இவருக்குத் தொழில். கேள்வி அதில்லை. சீண்டுகிற ஒரு பாட்டை நாங்கள் எப்படி வாசிக்கிறது?

கூற்று என்று ஒன்று இருக்கிறது

ஏ.எல்.லில் தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சங்கப் பாட்டுக்குப் பொருள் எழுத முதல் டீச்சர் கேட்கிற முதல் கேள்வி, "இது யார் கூற்று?" தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா? கபிலர் ஓர் ஆண். ஆனால் குறிஞ்சிப்பாட்டு முழுக்கத் தோழியின் குரலில் பேசுகிறது. "கபிலருக்கு எப்ப தலைவியோட கூட்டாளித்தனம்?" என்று இரண்டாயிரம் வருடமாக யாரும் கேட்கவில்லை. பாட்டில் 'நான்' என்று சொல்கிறவரும் பாட்டைக் கட்டினவரும் வேறு ஆட்கள் என்பது எங்கட மொழிக்குப் புதுசு இல்லை.

அதே நாங்கள் ஒரு பொப் பாட்டைக் கேட்டவுடனே இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம். 'நான்' என்றால் பாடகி. துப்பாக்கி என்றால் பாடகியின் துப்பாக்கி. முடிந்தது.

'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் பேசுவது யார்? போலி விசா செய்து கொடுக்கிற, கண்டவனைச் சுட்டுப் பணத்தைப் பறிக்கிற ஒரு வெளிநாட்டு ஆள். கோரஸில் சொற்கள் வரவேண்டிய இடத்தில் வெடிச் சத்தம், அடுத்ததாக கடைக் கல்லாப்பெட்டி திறக்கிற சத்தம். அதைச் சேர்ந்து பாடுவது பிரிக்ஸ்டன் பகுதிச் சின்னப் பிள்ளைகள். அடியில் ஓடுகிற கிற்றார் 'த கிளாஷ்' குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. அந்தப் பாட்டும் குடியேறிகள் ஒதுக்கப்படுவதைப் பற்றியதுதான்.

இந்தக் காலத்தில் எம்.ஐ.ஏ.க்கு அமெரிக்க விசா கிடைக்காமல் இழுபட்டது. அமெரிக்காவில் பதிவு செய்ய நினைத்த அல்பத்தை இந்தியா, ட்ரினிடாட், லைபீரியா என்று அலைந்து செய்ய வேண்டி வந்தது. அந்தப் பின்னணியில் கேட்டுப் பாருங்க. பாட்டில் பேசுகிற கொள்ளைக்காரன் நிஜமான ஒரு ஆள் கிடையாது. விசா கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரி, கறுத்த தோலும் நீளமான பெயரும் உள்ள ஒருவரைப் பார்க்கும்போது மனசில் காண்கிற ஆள். "நீங்க என்னை இப்படித்தானே நினைக்கிறீங்க? சரி, அந்த ஆளாகவே வந்து பாடுறன்" என்கிற பாட்டு. பிள்ளைகளின் குரலில் அதைப் பாட வைத்ததும் அதற்குத்தான் என்பது என் வாசிப்பு. நீங்கள் பயப்படுகிற ஆள் ஒரு சின்னப் பிள்ளை.

எம்.டீ.வி. அந்த வெடிச் சத்தத்தை அழித்துவிட்டு ஒளிபரப்பியது. வெடிச் சத்தம் இல்லாமல் போனால் பாட்டில் மிச்சம் என்ன? ஒரு குடியேறி பணம் கேட்கிற பாட்டு. கிண்டலை வெட்டிவிட்டு, கிண்டல் பண்ணப்பட்ட எண்ணத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.

சரி, அப்படியென்றால் எந்தப் பாட்டையும் "இது வேறொரு ஆளின் கூற்று" என்று சொல்லித் தப்பலாமா? ஏலாது. 2015 டிசம்பரில் சிம்பு, அனிருத் பெயரில் கசிந்த 'பீப்' பாட்டு நினைவிருக்கும். பெண்ணை இழிவுபடுத்துகிற ஒரு கெட்ட வார்த்தைக்கு மேல் ஒரு பீப் சத்தம். தமிழ்நாட்டில் ஆர்ப்பாட்டம், பொலிஸ் முறைப்பாடு எல்லாம் நடந்தது. "காதலில் தோத்த பொடியன் ஒருத்தன்ட குரல் தானே" என்று எங்கட பெட்ச் பொடியன்மாரே வாதாடுவார்கள். அந்தப் பொடியனைப் பார்த்துச் சிரிக்கவோ, அவனைச் சந்தேகப்படவோ பாட்டு ஓர் இடமாவது தருகிறதா? தரவில்லை. கேட்கிறவர் அவனோடு சேர்ந்து திட்ட வேண்டியதுதான். குரலுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தால்தான் அது கூற்று. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் அந்த இடைவெளி இருக்கிறது.

இவ்வளவு வரைக்கும் நான் யாழ்ப்பாணத்துத் தோழியின் பக்கம்.

புலி வருகிற இடம்

அகப்பாட்டில் இன்னொரு விதி இருக்கிறது. தலைவன், தலைவி பெயரைச் சொல்லக் கூடாது. பெயர் இல்லாததால்தான் அந்தக் குரல் யாருடைய குரலாகவும் ஆகலாம். பெயர் வந்துவிட்டால் அது புறம். அங்கே நிஜ அரசன், நிஜப் போர், நிஜமாகச் செத்தவர்கள்.

எம்.ஐ.ஏ.யின் முதல் ஓவியக் கண்காட்சி 2001இல் லண்டனில் நடந்தது. ஸ்டென்சில் வெட்டி ஸ்ப்ரே அடித்த புலிகள், துப்பாக்கிகள், பனைமரங்கள். பளபளவென்ற நிறத்தில். ஆரம்ப கால வீடியோக்களிலும் மேடைகளிலும் அந்தப் புலி திரும்பத் திரும்ப வந்தது. லண்டனில் அதை வாங்கி மாட்டினவருக்கு அது ஓர் அழகான மிருகம். எங்களுக்கு அது மிருகம் இல்லையே. அது ஒரு பெயர்.

1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதில் அந்தப் பெயர் இருக்கிறது. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டதிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். என் தோழியின் உம்மும்மா அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு வந்தாராம். "இறக்கி வெச்சது நல்லம், இல்லாட்டி கருகியிருக்கும்" என்று இன்றைக்கும் சொல்வாராம்.

அப்படியென்றால் எம்.ஐ.ஏ. புலி ஆதரவாளரா? 2008இல் டிலோன் என்ற இலங்கை வம்சாவளி ரெப் பாடகர் அப்படித்தான் குற்றம் சாட்டி 'பேப்பர் பிளேன்ஸ்' மெட்டிலேயே வீடியோ போட்டார். தெற்குப் பத்திரிகைகளும் அவரைப் பயங்கரவாதத்தின் பாடகி போலத்தான் காட்டின. தான் பேசுவது சாதாரண மக்களுக்காக என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

இங்கே நான் அவசரப்பட மாட்டேன். காரணம் இருக்கிறது. 2019 மே மாதம், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பொலிஸ் பிடித்தது. அவர் போட்டிருந்த உடுப்பில் ஒரு சக்கரப் படம். அது தர்மச் சக்கரம், புத்த மதத்தை அவமதிக்கிறார் என்று குற்றச்சாட்டு. உண்மையில் அது கப்பல் சுக்கான். அந்த மனுஷி பல நாள் விளக்கமறியலில் இருந்தார். அந்த நாட்களில் எங்கட வீட்டில் உம்மா அலுமாரியைத் திறந்து, எந்த உடுப்பில் என்ன படம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது எனக்கு நல்லா ஞாபகம். ஒரு படத்தை வைத்து ஓர் ஆளின் உள்ளத்தைத் தீர்மானிக்கிறது எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் எம்.ஐ.ஏ.யின் புலியை நான் அங்கத்துவ அட்டையாக வாசிக்க மாட்டேன்.

2009இல் அவர் செய்ததையும் மறக்கக் கூடாது. வன்னியில் மக்கள் ஒரு துண்டு நிலத்தில் அடைபட்டு ஷெல்லுக்குள் இருந்தபோது, உலகத்தில் அதைப் பற்றி வாய் திறந்த பெரிய பொப் பாடகி அவர் ஒருவர்தான். அந்தக் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் சொன்னது. அவர் கத்தினது மிகை என்று சொன்னவர்கள் அந்த அறிக்கையையும் வாசிக்க வேண்டும். 2010இல் வந்த 'போர்ன் ஃப்ரீ' வீடியோவில், செம்பட்டை முடி வெள்ளைக்காரப் பொடியன்மாரை இராணுவம் பிடித்துக் கொண்டுபோய்ச் சுடுகிறது. யூடியூப் அதைத் தடுத்தது. எங்கட நாட்டில் நடந்ததை வெள்ளைத் தோலில் நடித்துக் காட்டினால்தான் உங்களுக்கு வலிக்குமா என்று கேட்கிற வீடியோ அது. அதிலும் பெயர் இல்லை, இயக்கம் இல்லை. அதனால்தான் அது வேலை செய்கிறது.

ஆனால் புலிப் படத்துக்குப் பெயர் இருக்கிறது. நிஜப் பெயர் ஒன்றைத் தூக்கினால், அந்தப் பெயரால் துன்பப்பட்ட எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். "நான் சின்ன வயசில பார்த்த படம் அது" என்று சொன்னால் பாதிப் பதில்தான். 1986இல் போன பதினொரு வயதுப் பிள்ளைக்கு 1990 தெரியாமல் இருக்கலாம். 2001இல் ஸ்ப்ரே அடித்த கலைஞருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நான் கேட்ட அவருடைய பாட்டு ஒன்றிலும் சோனகத் தெரு இல்லை.

அவரிடம் நான் எதை எதிர்பார்க்கிறேன்? மன்னிப்புக் கடிதம் இல்லை. புறநானூற்றில் கோவூர்கிழார் என்று ஒரு புலவர். கிள்ளிவளவன் தன் எதிரி மலையமானின் பிள்ளைகளை யானைக்கு முன்னால் போடப்போகிறான். கோவூர்கிழார் அந்தச் சோழனைப் பாடுகிற புலவர். அப்படியிருந்தும் அரசனுக்கு முன்னால் போய் நின்று அந்தப் பிள்ளைகளுக்காகப் பேசினார். யானையைப் பார்த்து அழுகையை மறந்து நிற்கிற அவ்வளவு சின்னப் பிள்ளைகள் என்று சொன்னார். எதிரியைத் திட்டுகிறது லேசு. தன் பக்கத்து அரசனிடம் "இது பிழை" என்று சொல்கிறதுதான் கஷ்டம். அமெரிக்காவுக்கு நடுவிரல் காட்டின தைரியசாலி இந்தக் கஷ்டமான பாட்டை இன்னும் பாடவில்லை.

ஸ்கூட்டியும் முகத்திரையும்

எனக்கு மிகவும் பிடித்த வீடியோ 'பேட் கேர்ள்ஸ்' தான். 2012இல் மொரோக்கோ பாலைவனத்தில் எடுத்தது. முகத்தை மூடின பெண்கள் கார் ஓட்டுகிறார்கள், காரை ஒரு பக்கமாகத் தூக்கி இரண்டு சில்லில் ஓட்டுகிறார்கள். அப்போது சவூதியில் பெண்கள் கார் ஓட்டக் கூடாது. 2018 ஜூனில்தான் அந்தத் தடை நீங்கியது.

பார்க்கிற நேரம் எனக்கு உம்மாவின் ஞாபகம் வரும். நாற்பது வயதில் ஸ்கூட்டி பழகினவர். முதல் நாள் மடவளை பஸாரில் ஓட்டிப் போனபோது கடை வாசலில் நின்றவர்கள் பார்த்த பார்வை இருக்கே, ஒரு வீடியோவே எடுத்திருக்கலாம். இப்போது எங்கட ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டாத உம்மாமாரை எண்ணிவிடலாம்.

இந்த வீடியோவை எதிர்த்து ஒரு நியாயமான கேள்வி உண்டு. முஸ்லிம் பெண்ணின் உடுப்பை ஸ்டைலாக்கி வெள்ளைக்காரனுக்கு விற்கிறாரா? கொஞ்சம் உண்மைதான். அந்த வீடியோவில் எந்தப் பெண்ணும் ஒரு சொல் பேசவில்லை. ஆனாலும் உலகத்தில் முகத்திரையோடு வருகிற பெண் ஒன்றில் பாவம், இல்லாவிட்டால் குண்டு. 2019 ஏப்ரல் 29 அன்று எங்கட நாட்டில் முகத்தை மூடுகிறதுக்குத் தடை வந்தபோது நாங்கள் பாவமாகவும் குண்டாகவும் ஒரே நேரத்தில் ஆனோம். அப்படிப்பட்ட உலகத்தில், அந்த உடுப்போடு ஒருத்தி காரின் மேல் சாய்ந்து நகத்தை ராவுகிற ஒரு காட்சி எனக்கு வேண்டியிருந்தது. எங்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்களைத்தான் அது சீண்டுகிறது.

சீண்டல் பழக்கமாகும்போது

கடைசியாக, நான் அவரைக் கேட்கிறதைக் கொஞ்ச நாள் நிறுத்தின கதை. 2022 ஒக்டோபரில் அமெரிக்காவில் அலெக்ஸ் ஜோன்ஸ் என்ற ஆளுக்கு நீதிமன்றம் 965 மில்லியன் டொலர் நட்டஈடு விதித்தது. பாடசாலையில் சுட்டுக் கொல்லப்பட்ட பிள்ளைகளின் கதையே நாடகம் என்று பரப்பினவர் அவர். பெற்றோரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. எம்.ஐ.ஏ. அன்றைக்கு, பொய் சொன்னதுக்கு அவர் காசு கட்டுவதென்றால் தடுப்பூசி போடச் சொன்ன பிரபலங்களும் கட்ட வேண்டாமா என்று ட்வீட் போட்டார்.

"ஆர்ட்டிஸ்ட் தானே, அப்பிடித்தான் சீண்டுவாங்க" என்று சொல்கிறவர்களுக்கு நான் மடவளையிலிருந்து பதில் சொல்கிறேன். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்று ஒரு கதை பரவியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் உடைந்தது. அடுத்த வாரம் எங்கட ஊருக்குக் கிட்டவே, திகனயில் நெருப்பு. அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, ஃபேஸ்புக் முடக்கம். இரவெல்லாம் லைட்டை அணைத்துவிட்டு முன் அறையில் குடும்பமாக உட்கார்ந்திருந்தோம். நான் அப்போது பாடசாலைப் பிள்ளை. மருந்து, மாத்திரை, இரகசியச் சதி என்கிற கதைகள் யாருடைய வீட்டில் போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

விசா அதிகாரியைச் சீண்டின பாட்டும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன் வழக்கில் வென்ற அன்றைக்குப் போட்ட ட்வீட்டும் ஒரே தைரியம் இல்லை. முதலாவதில் அவர் கூட்டத்துக்கு எதிரே நின்றார். இரண்டாவதில் யாருக்கு எதிரே நிற்கிறோம் என்று பார்க்கவே இல்லை. எல்லாரையும் சீண்டுகிறதையே அடையாளமாக வைத்திருக்கிற கலைஞருக்கு இந்த ஆபத்து இருக்கிறது. விரல் தூக்கிப் பழகிவிட்டால், முன்னால் நிற்பது யார் என்று கண் பார்ப்பதில்லை.

அப்ப கேட்கலாமா, கூடாதா?

எங்கட ஊரில் பாட்டுக் கேட்கலாமா கூடாதா என்பதே ஒரு தனி விவாதம். அதை இங்கே தொடவில்லை. நான் சொல்ல வருவது கேட்கிற முறையைப் பற்றி. ஒரு பாட்டைக் கேட்டவுடன் பாடினவரைத் தூக்கி வைக்கவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். முதலில் யார் கூற்று என்று கேட்போம். பிறகு அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கேட்போம். அதில் ஒரு நிஜப் பெயர் வந்தால், அந்தப் பெயரின் கணக்கு முழுசாக இருக்கிறதா என்று கேட்போம். 'பேப்பர் பிளேன்ஸ்' மூன்றிலும் தேறுகிறது. புலி ஸ்டென்சில் மூன்றாவதில் தேறவில்லை. அந்த ட்வீட் இரண்டாவதிலேயே விழுந்துவிட்டது. ஒரே ஆள்தான் மூன்றையும் செய்திருக்கிறார்.

இதை அனுப்ப முதல் அறையில் வாசித்துக் காட்டினேன். யாழ்ப்பாணத்துத் தோழி, "ஒரு பொப் பாடகியிட்ட கோவூர்கிழாரைக் கேக்கிறீர், கொஞ்சம் ஓவராத் தெரியேல்லையே?" என்றாள். கொஞ்சம் ஓவர்தான். பிறகு அவளே, சோனகத் தெரு எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியும், ஆனால் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை என்றாள். வருகிற லீவில் போய்ப் பார்க்கிறேன் என்றாள்.

புத்தளத்துத் தோழி ஸ்பீக்கரை எடுத்து மேசையில் வைத்தாள். "பாட்டைப் போடுங்க. ஆனா நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல்ல."

வரவில்லைதான். வெடிச் சத்தம் வந்தபோது இந்த முறை நான் மேசையில் தட்டவில்லை. அவள்தான் தட்டினாள்.